2,500 ஆண்டுக்கு முந்திய முகம்! கம்ப்யூட்டர் படத்தில் உண்மை எவ்வளவு, யூகம் எவ்வளவு?

மதுரையில், வைகை ஆற்றின் வடகரையில் இருக்கிறது செல்லூர். தறிச் சத்தத்துக்குப் பெயர் பெற்ற ஊர்.

அங்கே ஒரு நெசவாளி வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. முண்டாசு கட்டிய பெரியவர். நெற்றி நிறையத் திருநீறு. படத்துக்குக் கீழே சின்ன விளக்கு.

"இது யார், அப்பத்தா?" என்று கேட்கிறாள் பேத்தி.

"என் மாமனார். உனக்குப் பூட்டன்."

"போட்டோ பிடித்தார்களா?"

"அந்தக் காலத்தில் போட்டோவுக்கு ஏது காசு? அவர் போன பிறகு, படம் எழுதுகிறவரைக் கூட்டி வந்தார்கள். மூத்த மகன் முகத்தைப் பார்த்து எழுதினார். 'காது பெரிசு, புருவம் அடர்த்தி' என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுத் திருத்தினார்."

"அப்படியானால் இது பூட்டன் முகம்தானா?"

அப்பத்தா சிரிக்கிறாள்.

"முக்கால்வாசி அவர்தான். மூக்கு மட்டும் உன் தாத்தா மூக்கு!"

படத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் ஒரு வரி எழுதியிருக்கிறது. "மூத்த மகனைப் பார்த்து எழுதியது."

அந்த ஒரு வரியில் எவ்வளவு நேர்மை!

இந்த வீடு உதாரணத்துக்குச் சொன்னது. ஆனால் அந்த வரி சொல்லும் நியாயம் மிகப் பெரியது. உலகத்து அறிஞர்கள் கூடிப் பேசி, புதைபொருள் ஆராய்ச்சிக்கு ஒரு நெறி வகுத்திருக்கிறார்கள். அந்த நெறியின் சாரமும் இதுதான். "எதைப் பார்த்து எழுதினாய்? அதைச் சொல்லிவிடு!"

கீழடிக்குப் பக்கத்தில்

செல்லூரைத் தொட்டுக்கொண்டு போகும் வைகை, தென்கிழக்கே இறங்கி சிவகங்கை மாவட்டத்துக்குள் நுழைகிறது. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர் போனால் கீழடி.

2015-ம் ஆண்டு மத்திய தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி வருகிறது.

தென்னந்தோப்புக்கு அடியில் ஒரு பழைய ஊரே கிடைத்தது!

செங்கல் சுவர்கள். உறைகிணறுகள். பாசிமணிகள். தாயக்கட்டைகள். நூல் நூற்கும் தக்களிகள். பெயர் கீறிய பானை ஓடுகள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டைச் சோதித்தார்கள். அதன் காலம் கி.மு. 580 என்று தெரிந்தது. 2019-ல் இந்த முடிவு வெளியானது.

செல்லூரில் இன்றும் தறி ஓடுகிறது. கீழடியில் 2,500 ஆண்டுக்கு முன்பே நூல் நூற்றிருக்கிறார்கள். நடுவில் ஓடுவது ஒரே ஆறு!

கீழடிக்குச் சுமார் 800 மீட்டர் தூரத்தில் கொந்தகை. அது பழங்கால மக்களின் இடுகாடு. இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தாழிகளில் எலும்புகளும் மண்டை ஓடுகளும் கிடைத்தன.

அவற்றில் இரண்டு மண்டை ஓடுகள் ஆண்களுடையவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் குமரேசன் குழுவினர், அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் உருவமாக்கினார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் 'ஃபேஸ் லேப்' என்ற முக ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் உருவங்கள் அங்கே போயின.

2025-ம் ஆண்டு நடுவில் படங்கள் வெளிவந்தன.

இரண்டு முகங்கள்! கண் திறந்து நம்மைப் பார்க்கும் முகங்கள். செல்லூர்ச் சந்தையில் எதிரே வந்தால், "எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று நினைக்கத் தோன்றும்.

படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. பெருமைப்பட்டவர்கள் பலர். சண்டை போட்டவர்களும் உண்டு. "இந்த நிறம் சரியா? இவர் எந்த இனம்? நம் முன்னோரா?" என்று வாதம் நடந்தது.

வாதம் செய்வதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மண்டை ஓடு எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

எலும்பு சொல்வது

முகம் என்பது என்ன? எலும்பு, அதன்மேல் தசை, அதன்மேல் தோல். அவ்வளவுதான்.

எலும்பு கையில் இருந்தால், தசை எங்கே ஒட்டியிருந்தது என்று கண்டுபிடிக்கலாம். தசை பிடித்த இடத்தில் எலும்பில் தழும்பு இருக்கும்.

நெற்றியில் சதை எவ்வளவு கனம்? கன்னத்தில் எவ்வளவு? தாடையில் எவ்வளவு? இன்று வாழும் மக்களை ஸ்கேன் செய்து இந்தக் கணக்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். கொந்தகை முகங்களுக்குத் தென்னிந்திய மக்களின் அளவுகளைப் பயன்படுத்தினார்கள்.

மூக்கு எலும்பின் துவாரம் அகலமாக இருந்தால், மூக்கும் அகலமாக இருக்கும். கண் குழிகளுக்கு இடையே உள்ள தூரம் எலும்பிலேயே தெரியும். பல் வரிசை இருந்தால் வாயின் அகலத்தைச் சொல்லலாம். ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது என்பதையும் சொல்லலாம்.

ஆகவே முகத்தின் வடிவம் வெறும் கற்பனை அல்ல. அதற்குக் கணக்கு இருக்கிறது.

எலும்பு சொல்லாதது

தோல் கறுப்பா, மாநிறமா, சிவப்பா? எலும்புக்குத் தெரியாது.

முடி சுருட்டையா, நீட்டமா? வழுக்கையா? எலும்புக்குத் தெரியாது.

மீசை வைத்திருந்தாரா? காதில் கடுக்கன் போட்டிருந்தாரா? சிரித்த முகமா, சிடுமூஞ்சியா? எதுவும் எலும்புக்குத் தெரியாது!

பின்னே, கொந்தகை மனிதருக்கு நிறம் எப்படி வந்தது?

இந்தப் பகுதியில் இன்று வாழும் மக்களின் நிறத்தை ஒட்டி வண்ணம் கொடுத்தார்கள். வழக்கமான முறை அதுதான் என்று பேராசிரியர் குமரேசன் விளக்கியிருக்கிறார்.

அதாவது, செல்லூரில் மூத்த மகனைப் பார்த்துத் தகப்பனை எழுதிய அதே வேலை! இங்கே 2,500 ஆண்டுக்குப் பிந்திய பேரன் பேத்திகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இதில் தவறு இல்லை. ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகும்? "பார், அந்தக் காலத்திலும் நம்மைப் போன்ற நிறம்தான்! படமே சாட்சி!" என்பார் ஒருவர். நம் நிறத்தைப் பார்த்துத்தானே அந்தப் படத்துக்கு வண்ணமே கொடுத்தார்கள்! அதை எப்படிச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

எலும்புக்குள் இருக்கும் மரபணு கிடைத்தால் நிறத்தைப் பற்றித் துப்புக் கிடைக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் பழைய மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும். கொந்தகை எலும்புகளிலும் அதுதான் பெரிய தொல்லை.

இன்னொன்று. இவை இரண்டே இரண்டு மண்டை ஓடுகள். இரண்டு பேர் முகத்தை வைத்து, ஓர் ஊர் ஜனம் முழுவதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது.

ராஜாவின் கண் நிறம் மாறியது!

யூகத்தை யூகம் என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் இல்லை. ஓர் உதாரணம் பாருங்கள்.

இங்கிலாந்தை ஆண்ட ராஜா மூன்றாம் ரிச்சர்ட், 1485-ல் போர்க்களத்தில் மாண்டார். அவர் எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் கிடைத்தது. எங்கே? கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில்!

மண்டை ஓட்டை வைத்து அவர் முகத்தை உருவாக்கினார்கள். பேராசிரியர் கரோலின் வில்கின்சன் என்ற பெண்மணி அந்த வேலையைச் செய்தார். 2013-ல் முகம் வெளிவந்தது. பழைய சித்திரங்களைப் பார்த்து, பழுப்புக் கண்ணும் கருமையான முடியும் வைத்தார்கள்.

2014-ல் மரபணுச் சோதனை முடிவு வந்தது. ராஜாவுக்கு நீலக் கண்ணாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சின்ன வயதிலாவது முடி வெளிர் நிறமாக இருந்திருக்கும் என்று அது சொன்னது.

என்ன செய்தார்கள்? "எங்கள் படம்தான் சரி" என்று பிடிவாதம் பிடித்தார்களா? இல்லை. கண்ணையும் முடியையும் மாற்றினார்கள். முகத்தின் வடிவத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அது எலும்பு சொன்னது. மாறியது, யூகித்த பகுதி மட்டும்.

எது யூகம் என்று முதலிலேயே தெரிந்திருந்ததால்தான், திருத்துவது சுலபமாக இருந்தது.

கான்கிரீட் அரண்மனை

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு.

கிரீஸ் நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவில் நோசோஸ் என்ற பழைய அரண்மனை இருக்கிறது. 1900-ம் ஆண்டு அதைத் தோண்டத் தொடங்கியவர் ஆர்தர் இவான்ஸ் என்ற ஆங்கிலேயர்.

இடிந்த சுவரைப் பார்த்தார். மேல் மாடி இப்படி இருந்திருக்கும் என்று எண்ணினார். கான்கிரீட் போட்டுக் கட்டிவிட்டார்! தூணுக்கு வண்ணமும் அடித்துவிட்டார். உடைந்து கிடந்த சுவர்ச் சித்திரத் துண்டுகளைச் சேர்த்து, ஓர் இளவரசன் படத்தையும் உருவாக்கினார்கள். அந்தத் துண்டுகள் வெவ்வேறு உருவங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று பின்னால் வந்த அறிஞர்கள் சொன்னார்கள்.

இன்று அங்கே போகிறவர்களுக்கு, எது பழைய கல், எது இவான்ஸ் எண்ணம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கான்கிரீட்டை அழித்து எழுத முடியுமா?

கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை. கல்லைத் தொடாமலே கட்டிடத்தை எழுப்பலாம். தப்பு என்று தெரிந்தால் அழிக்கலாம். மண்ணில் கிடைத்த சுவருக்கு ஒரு கீறலும் விழாது.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. கம்ப்யூட்டர் படம் மிக அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்!

டெல்லியில் எடுத்த முடிவு

இந்த ஆபத்தை உணர்ந்து, 2006-ம் ஆண்டு லண்டனில் அறிஞர்கள் கூடினார்கள். 'லண்டன் சாசனம்' என்ற நெறி பிறந்தது. பிறகு ஸ்பெயின் நாட்டு செவில் நகரின் பெயரில் 'செவில் நெறிகள்' உருவாயின. பழைய சின்னங்களைக் காக்கும் உலக அமைப்பான 'இக்கோமாஸ்' 2017 டிசம்பரில் பொதுப்பேரவை கூட்டியது. அது கூடிய இடம் நம் டெல்லி! அங்கேதான் செவில் நெறிகளை அது ஏற்றுக்கொண்டது.

மொத்தம் எட்டு நெறிகள். அவற்றின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

முதலில், படம் எதற்காக என்று தெளிவாக இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கா? பள்ளிக்கூடத்துக்கா? வேடிக்கைக்கா?

கம்ப்யூட்டர் தெரிந்தவர் மட்டும் உட்கார்ந்து செய்யக் கூடாது. தோண்டியவரும், சரித்திரம் படித்தவரும், கட்டிடம் தெரிந்தவரும் கூட இருக்க வேண்டும்.

கிடைத்தது எது, பழுதுபார்த்தது எது, யூகித்தது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஊர் செழித்த காலத்தை மட்டும் காட்டக் கூடாது. தாழ்ந்த காலத்தையும் காட்ட வேண்டும்.

எப்படிச் செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். நாளை இன்னொருவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும்.

கம்ப்யூட்டர் படம், உண்மையான இடத்துக்குத் துணையாக இருக்கலாம். அந்த இடத்தைக் காப்பாற்றும் வேலையை அதன் பெயரால் கைவிடக் கூடாது.

கீழடி வீட்டைக் கட்டுவோமா?

நெறி சரி. நடைமுறையில் எப்படி? கீழடியில் ஒரு வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்ப்போம்.

சுவர் செங்கல். இது கிடைத்திருக்கிறது. கூரைக்கு ஓடு. இதுவும் கிடைத்திருக்கிறது. ஓட்டின் மேல் விரலால் இழுத்த பள்ளங்கள் இருக்கின்றன. மழைநீர் வடிவதற்காக அப்படிச் செய்தார்கள் என்கிறது தொல்லியல் துறை அறிக்கை. ஓட்டில் துளைகளும் உண்டு, கயிற்றால் கட்டியிருப்பார்கள். இரும்பு ஆணிகளும் கிடைத்தன. மரச் சட்டம் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை நல்ல ஆதாரம். இவற்றை அழுத்தமான வண்ணத்தில் காட்டலாம்.

சுவரின் உயரம் எவ்வளவு? தெரியாது. கிடைத்தது சுவரின் அடிப்பகுதிதான். கதவு எந்தப் பக்கம்? திண்ணை உண்டா? சுவருக்கு என்ன வண்ணம்? இவற்றுக்கு ஆதாரம் இல்லை. இவற்றை மங்கலான சாம்பல் நிறத்தில் காட்டலாம். அல்லது இரண்டு மூன்று விதமாக வரைந்து, "இப்படியும் இருந்திருக்கலாம்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

பார்க்கிற பிள்ளைக்கு உடனே புரியும். "அழுத்தமாக இருப்பது கிடைத்தது. மங்கலாக இருப்பது நினைத்தது." எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குக்கூட இது போதும்.

இப்படிச் செய்யாமல், ஏழு நிலை மாளிகையும் தங்கத் தேரும் போட்டு, "இதுதான் பழைய மதுரை!" என்று கைப்பேசியில் அனுப்புவது இன்று நிமிஷ வேலை. செயற்கை நுண்ணறிவு கேட்டதை எல்லாம் வரைந்து தந்துவிடுகிறது.

அதனால் என்ன நஷ்டம்? அந்த மாளிகையை மனத்தில் வைத்துக்கொண்டு கீழடிக்குப் போகும் பிள்ளை, முழங்கால் உயரச் செங்கல் சுவரைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கும். பொய்ப் பெருமை, உண்மையான பெருமையைத் தின்றுவிடும். தேடி எடுத்த ஓர் ஓட்டில் 2,500 ஆண்டுக்கு முந்திய விரல் தடம்! அதைவிடவா தங்கத் தேர் பெரிது?

இறந்தவருக்கு மரியாதை

வீடு வேறு, முகம் வேறு. தாழியில் இருந்தவர் ஒருவருக்குத் தகப்பன், ஒருவருக்கு மகன். அழுதுகொண்டே அடக்கம் செய்திருப்பார்கள்.

மனித எலும்புகளை மரியாதையோடு கையாள வேண்டும், அவற்றோடு சம்பந்தப்பட்ட மக்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அருங்காட்சியகங்களுக்கான சர்வதேச நெறியும் சொல்கிறது. எலும்புக்கு உள்ள மரியாதை, அதிலிருந்து எடுத்த கம்ப்யூட்டர் முகத்துக்கும் வேண்டாமா?

அந்த முகத்துக்கு மீசை ஒட்டி விளையாடுவது, வாயில் வசனம் வைப்பது, ஒரு சாதிக்கோ கட்சிக்கோ சொந்தம் கொண்டாடுவது எல்லாம் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரால் எழுந்து வந்து மறுக்க முடியாது.

மூன்று கேள்விகள்

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ம் தேதி திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் கட்டியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து குடும்பத்தோடு போய், அதே நாளில் திரும்பிவிடலாம்.

அங்கே போனாலும் சரி, கைப்பேசியில் ஒரு பழங்காலப் படத்தைப் பார்த்தாலும் சரி, மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இதில் மண்ணில் கிடைத்தது எது?

யூகித்துச் சேர்த்தது எது?

யார் செய்தார்கள், எதைப் பார்த்துச் செய்தார்கள்?

பதில் இருந்தால், அது நல்ல படம். பதில் இல்லாவிட்டால், அழகாக இருக்கிறது என்று ரசியுங்கள். சரித்திரம் என்று பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

செல்லூர் வீட்டுக்குத் திரும்புவோம்.

பேத்தி கைப்பேசியில் கொந்தகை மனிதரின் முகத்தைக் காட்டுகிறாள். யாரோ அனுப்பிய படம். அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கிறாள்.

"நம்ம ஊர் ஆள் மாதிரிதான் இருக்கிறார். சரி, யாரைப் பார்த்து எழுதினார்களாம்?"

பேத்தி கைப்பேசியைத் திருப்பிப் பார்க்கிறாள்.

"பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லையே, அப்பத்தா!"